ஜெயந்தினி டீச்சர் தீட்டிய மூன்று கட்டங்கள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் தரம் இரண்டுக்கும் தரம் மூன்றுக்கும் இடையில் சுவர் கிடையாது. ஒரு நீண்ட மண்டபம், நடுவில் இரண்டு பலகைத் தட்டிகள், அவ்வளவுதான். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் தரம் இரண்டு படிப்பிக்கிறேன். அந்தப் பக்கம் ஜெயந்தினி டீச்சர் தரம் மூன்று. அவள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் என் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள். ஆகவே இங்கே எழுதுவதில் பாதி நான் காதால் கேட்டது. மீதி அவளே என்னிடம் சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க ஸகீனா டீச்சர். ஆனா என்னய நல்லவளாக்கிப்புடாதீங்க" என்றாள். அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. பெயர் வேண்டாம்.

ஜெயந்தினி பிறந்தது தெமோதரைப் பக்கத்து லயம் ஒன்றில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில். அப்பா கந்தப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மா மாரியாயி கொழுந்து பறித்தார். இரண்டு பேருக்கும் எழுத வாசிக்கத் தெரியாது. தரம் நான்கில் படிக்கும்போது ஜெயந்தினி ஒரு நாள் தேர்ச்சி அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோனாள். முப்பத்துநான்கு பேரில் இருபத்தொன்பதாம் இடம். அம்மா இலக்கத்தை மட்டும் விரலால் தொட்டுக் கேட்டாராம்:

"இருபத்தொம்பதுன்னா கூடவா புள்ள, கொறைவா?"

"கூடத்தாம்மா."

மாரியாயி அந்த இலக்கத்தை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஐந்தாவது காம்பராவில் குடியிருந்த கணக்கப்பிள்ளையின் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். இருபது வருடத்துக்குப் பிறகும் இதைச் சொல்லும்போது ஜெயந்தினி என் முகத்தைப் பார்க்கவில்லை. "பொய் சொன்னதுக்கு மட்டும் வெக்கம் இல்ல டீச்சர். எனக்கு என்ன தெரியல்லன்னே எனக்கு தெரியல்ல. இருபத்தொம்பதுன்னு மட்டுந்தான் தெரியும். வகுத்தல் கணக்கு வராதுங்குறத தரம் எட்டுல தான் நானே கண்டுபிடிச்சேன்" என்றாள்.

எப்படியோ படித்து உயர்தரம் சித்தியடைந்து, ஆசிரிய உதவியாளராகச் சேர்ந்து, பிறகு கலாசாலைக்குப் போய்ப் பயிற்சி முடித்து, எங்கள் பள்ளிக்கு வந்தாள். பெரகலயில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். வந்த இரண்டாவது வருடத்தில்தான் அந்த மட்டைகளைச் செய்தாள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரிஸ்டல் மட்டை, தடித்த அட்டை. ஒரு பக்கம் வாசிப்பு, மறு பக்கம் கணக்கு. பக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளையே சொல்வது போல ஒரு வாக்கியம் எழுதியிருப்பாள். "விரல் மடிக்காமல் கூட்டுவேன்." "ஒரு பந்தியை நிற்காமல் வாசிப்பேன்." வெள்ளிக்கிழமை இடைவேளைக்குப் பிறகு பிள்ளைகள் சோடி சோடியாக உட்காருவார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்க வேண்டும். உதவி இல்லாமல் மூன்று தரம் சரியாகச் செய்தால் அந்தக் கட்டத்துக்குப் பச்சை தீட்டலாம். தீட்டுவது பிள்ளை. டீச்சர் மட்டையைத் தொடக் கூடாது. அது அவளே போட்ட சட்டம்.

"இது எனக்கு காட்டுறதுக்கு இல்ல. ஒங்களுக்கு எது வருது, எது இன்னும் வரல்லன்னு நீங்க தெரிஞ்சிக்கிறதுக்கு" என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்கு மனப்பாடம்.

பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரல் விடுமுறை முடிந்து வந்த முதல் வெள்ளி, சுரேஸ் என்ற பையன் தன் வாய்ப்பாட்டுக் கட்டத்தின் மேல் பென்சிலால் பெருக்கல் குறி போலப் பெரிய புள்ளடி ஒன்று போட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "ஏழாம் வாய்ப்பாடு லீவுல ஓடிப் போயிருச்சு டீச்சர்" என்றான். தட்டிக்கு இந்தப் பக்கம் என் வகுப்பு சிரித்தது.

லெட்சுமி அந்த வகுப்பில் ஒரு பிள்ளை. தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிசன் லயத்திலிருந்து நடந்து வருவாள். அவளுக்குக் கணக்கு ஓடும், வாசிப்பு ஓடாது. வாசிப்பில் ஐந்து கட்டம் பச்சை. ஆறாவதில், பந்தியை நிற்காமல் வாசிக்கும் இடத்தில், ஏழு வாரம் நின்றுவிட்டாள். அதற்காக அவள் கூச்சப்படவில்லை என்பதுதான் அதிசயம். யார் கேட்டாலும், "எனக்கு ஆறாவது இன்னும் வரல்ல" என்பாள். பல் இன்னும் முளைக்கவில்லை என்று சொல்வது போல. ஒரு தடவை என்னிடமே வந்து மட்டையைக் காட்டி, "டீச்சர், 'ற்ற' வர்ற எடத்துல தான் நிக்கிறேன்" என்றாள். எட்டு வயதுப் பிள்ளை தனக்கு எந்த இடத்தில் தட்டுகிறது என்று அவ்வளவு துல்லியமாகச் சொன்னதை நான் அதுவரை கேட்டதில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் "எனக்கு தமிழ் வராது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இந்த விசயம் எப்படியோ வலயக் கல்விப் பணிமனை வரை போனது. ஆசிரிய ஆலோசகர் தங்கராஜா சேர் ஒரு செவ்வாய்க்கிழமை வருவதாகவும், வேறு பள்ளிகளிலிருந்து ஐந்து ஆசிரியர்களைக் கூட்டிவருவதாகவும் அதிபரிடம் சொன்னார். பிடித்திருந்தால் பதுளையில் நடக்கும் பயிற்சி வகுப்பில் ஜெயந்தினியே வந்து இதை விளக்க வேண்டும் என்றாராம். அதிபர் மண்டபத்துக்கு வெள்ளையடித்தார். எங்கள் பள்ளிக்கு நல்ல விசயம் ஒன்றைப் பார்க்க ஆள் வருவது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை பள்ளி விட்ட பிறகு, மறந்துபோன குடையை எடுக்க நான் மண்டபத்துக்குள் திரும்பி வந்தேன். ஜெயந்தினி பத்தொன்பது மட்டைகளையும் சுவரில் வரிசையாகக் குத்தியிருந்தாள். அதில் ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்து, பச்சைப் பென்சிலால் தீட்டிக்கொண்டிருந்தாள். லெட்சுமியின் மட்டை. ஆறாவது கட்டம் முடிந்து ஏழாவது ஓடிக்கொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் கை நின்றது.

"மத்த புள்ளைங்கள்ட எல்லாம் எட்டு, ஒம்பதுன்னு இருக்கு. இது மட்டும் வெளிறிப் போய் தெரியுது டீச்சர். எப்படியும் ரெண்டு கெழமையில வந்துரும்" என்றாள்.

"ஓ, வந்துடும் தானே" என்றேன் நான்.

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவள் எட்டாவது கட்டத்தையும் தீட்டி, மட்டையை மறுபடி சுவரில் குத்தினாள்.

மறுநாள் விருந்தினர்கள் வந்தார்கள். தங்கராஜா சேர் கடுமையான மனிதர் இல்லை. பிள்ளைகளை 'மகன்', 'மகள்' என்று கூப்பிட்டு, குனிந்து, அவர்கள் உயரத்துக்கு வந்து பேசுவார். சுரேசின் புள்ளடியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்து, கூட வந்தவர்களுக்குக் காட்டினார். பிறகு வரிசையில் நடந்து லெட்சுமியின் மட்டைக்கு முன்னால் நின்றார்.

"யாரு லெட்சுமி? வாங்க மகள். எட்டு வரைக்கும் வந்துட்டீங்களே. எங்க, எனக்கு ஒரு பந்தி வாசிச்சுக் காட்டுங்க."

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தேன். இடுக்கு வழியாக எனக்கு அவள் முதுகும், சுவரில் அவள் மட்டையும் தெரிந்தன. லெட்சுமி புத்தகத்தைப் பார்க்கவில்லை. முதலில் மட்டையைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி ஜெயந்தினியைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை வாங்கி வாசிக்கத் தொடங்கினாள்.

முதல் வரி போனது. இரண்டாவது வரியில் 'காற்று' என்ற சொல் வந்தது. நின்றாள். மறுபடி தொடங்கினாள். அதே இடத்தில் நின்றாள். அவளுடைய காது மடல் சிவந்துவிட்டது. மூன்றாவது தரமும் முயன்றாள்.

"பரவாயில்ல. இந்தக் கட்டம் நீங்களே தான கலர் பண்ணினது?" என்று கேட்டார் சேர்.

லெட்சுமி மறுபடி மட்டையைப் பார்த்தாள்.

"ஆமாங்க சேர்."

"வராதத வரும்னு போடக் கூடாது மகள். அது பொய் சொல்ற மாதிரி தானே. இந்தாங்க, நீங்களே அழிச்சிருங்க."

அழிறப்பரைக் கொடுத்தார். நிறப் பென்சில் அழியுமா? தேய்க்கத் தேய்க்க மட்டை பஞ்சு பஞ்சாக எழுந்தது. அந்த நேரத்தில் ஜெயந்தினி வாய் திறந்தாள். உண்மையைச் சொல்லப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாளாம்.

"இனிமே கவனமா போடணும் லெட்சுமி" என்றாள்.

அவ்வளவுதான். வந்தவர்கள் அதையும் பாராட்டினார்கள். பிள்ளை தன் பிழையைத் தானே திருத்துகிறது பாருங்கள் என்று ஓர் ஆசிரியை சொன்னார். மட்டைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அதிபர் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். ஜெயந்தினி தன் துண்டைக் கையிலேயே வைத்திருந்து, கடைசியில் யாருக்கும் தெரியாமல் தாளில் சுற்றிப் பைக்குள் போட்டாள்.

இருவரும் பஸ்ஸுக்கு நடந்தோம். பஸ் திரும்பி வருகிற சத்தம் கேட்ட பிறகுதான், "நான் சொல்லத்தான் வாயத் தொறந்தேன் டீச்சர். வேற வார்த்த வந்திருச்சு" என்றாள். எனக்கும் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. நானும் பார்த்தேனே, நானும் 'வந்துடும் தானே' என்றேனே என்று. அதைச் சொல்லாமல் பஸ்ஸில் ஏறினேன்.

அந்த வெள்ளிக்கிழமை மட்டைகள் சுவரிலிருந்து இறங்கிப் பிள்ளைகளின் கைக்குப் போயின. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, லெட்சுமி எழுந்து வந்து தன் மட்டையை மேசையில் வைத்தாள்.

"முடிச்சிட்டேன் டீச்சர்."

இரண்டு பக்கமும், இருபத்துநான்கு கட்டமும், பஞ்சு எழுந்த இடம் உட்பட, பச்சை. கோபத்தில் செய்ததா என்று ஜெயந்தினி அவள் முகத்தைப் பார்த்தாளாம். கோபம் இல்லை. கொப்பிக்கு உறை போட்டு வரச் சொன்னால் போட்டு வருவது போல, வேலையை முடித்த முகம். அன்றைக்கு இன்னும் நாலு பேருடைய மட்டையும் நிறைந்திருந்தது. யாரும் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெயந்தினி மேல் டிவிசனுக்குப் போனாள். லெட்சுமியின் அம்மா பூவம்மா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். டீச்சரைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, இவள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டார்.

"எனக்கு தெரியுங்க டீச்சர். பக்கத்து காம்பரா புள்ளைங்க வந்து சொல்லிருச்சுங்க. பெரிய சேர் முன்னுக்கு பொய் சொல்லி ஒங்க மானத்த வாங்கிட்டான்னு. நான் அன்னைக்கே ரெண்டு போட்டேன். வெறகுக் குச்சியால தான். பொய் சொல்ற புள்ளையா வளத்துறக் கூடாதுல்லங்க."

இந்த இடத்தைச் சொல்லும்போது ஜெயந்தினி தன் முன்னங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத அவ போடல்லங்க. நான் போட்டது" என்று சொல்லியிருக்கிறாள்.

பூவம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. வருகிறவர்கள் முன்னால் வகுப்பு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நான் தீட்டினேன், சேர் கேட்டபோது நான் சும்மா இருந்தேன், பிறகு நானும் அவளையே ஏசினேன் என்று முழுதாகச் சொன்னாள். பூவம்மா கீழே கிடந்த விறகுத் துண்டை எடுத்து அடுக்கில் வைத்தார். இன்னொன்றை எடுத்து வைத்தார்.

பிறகு உள்ளே பார்த்து, "இந்தா புள்ள, வா இங்க" என்றார். லெட்சுமி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்காலுக்குக் கீழே அடிபட்டுக் கன்றிய இடம் ஒன்று மஞ்சளாக மாறியிருந்தது.

"டீச்சர் தான் போட்டாங்கன்னு நீ ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

"டீச்சர் போட்டிருந்தாங்க. அப்ப எனக்கு வந்திருக்கும் போலன்னு நெனச்சேன். எனக்கு தான் தெரியல்லன்னு நெனச்சேன்."

"பெரிய சேர்கிட்ட ஏன் ஆமான்னு சொன்ன?"

அதற்கு அவள் தோளைக் குலுக்கினாள்.

"ஒக்காருங்க டீச்சர். தேத்தண்ணி குடிச்சிட்டு போங்க" என்றார் பூவம்மா. குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கோப்பையை நீட்டும்போது வேறு பக்கம் பார்த்தார். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்றாள் ஜெயந்தினி. அந்தத் தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் எழுந்தாளாம்.

திங்கட்கிழமை காலை, பெயர் கூப்பிட்டு முடிந்ததும், தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"லெட்சுமி பொய் சொல்லல்ல. அந்த மூணு கட்டத்தையும் கலர் பண்ணினது நான். சேர் கேட்டப்ப சொல்ல எனக்கு தைரியம் இல்ல. லெட்சுமிக்கு நான் செஞ்சது பெரிய பிழை."

இன்னொரு டீச்சரும் பார்த்தார் என்று அவள் சொல்லவில்லை. நான் எழுந்து தட்டியைச் சுற்றிப் போய்ச் சொல்லியிருக்கலாம். என் கதிரையிலேயே இருந்தேன்.

ரஜீவ் என்ற பையன் கேட்டான்: "அப்ப நாங்க சும்மா போட்டதயும் அழிக்கணுமா டீச்சர்?"

"யார் யாரு சும்மா போட்டிருக்கீங்க? ஏச மாட்டேன்."

பதினொரு கை உயர்ந்தது. போன வெள்ளி லெட்சுமியைப் பார்த்துப் போட்டவர்கள் நாலு பேர். மற்ற ஏழு பேர் பள்ளித் தவணை தொடங்கியதிலிருந்தே போட்டு வந்தவர்கள். ஏன் என்று கேட்டாள். பதில் சொன்னது சுரேஸ்.

"பச்சை கூடவா இருந்தா நீங்க சிரிப்பீங்கல்ல டீச்சர்."

இதுதான் தன்னை மூன்று கட்டத்தைவிட அதிகமாக அடித்தது என்று பிறகு சொன்னாள். எனக்குக் காட்டுவதற்கு இல்லை என்று வாயால் சொல்லிக்கொண்டே, முகத்தால் எல்லா வெள்ளிக்கிழமையும் வேறு ஒன்றைச் சொல்லியிருக்கிறாள். இருபத்தொன்பது கூடவா குறைவா என்று அவளுடைய அம்மா கேட்டது போல, இந்தப் பிள்ளைகளும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அதிபரிடம் சொன்னாள். "விடுங்க டீச்சர், முடிஞ்சு போன விசயம். படம் எல்லாம் வலய குரூப்ல போட்டாச்சு. இனி கிளறினா பள்ளிக்கூடத்துக்குத்தான் கெட்ட பேர்" என்றார் அவர். இரண்டு நாள் யோசித்துவிட்டு, அவரிடம் சொல்லிவிட்டே, இடைவேளை நேரத்தில் தங்கராஜா சேருக்குப் போன் எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் சொல்லி முடித்த பிறகு சேரின் குரல் எனக்கும் கேட்டது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர். நான் ஒரு சின்னப் பிள்ளைய எல்லார் முன்னுக்கும் அழிக்க வச்சேன்" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளை இருக்காவா? போனைக் குடுங்க."

லெட்சுமி போனை இரண்டு கையாலும் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். "ம்" என்றாள். மறுபடி "ம்." கடைசியில், "சரிங்க சேர்." போனைத் திருப்பித் தந்துவிட்டு விளையாட ஓடினாள். அவர் என்ன சொன்னார் என்று ஜெயந்தினி கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்றாள்.

பதுளைப் பயிற்சி வகுப்புக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. வேறொரு பள்ளியின் ஆசிரியை வேறு எதையோ விளக்கினார். ஆசிரியர் அறையில் ஒன்றிரண்டு பேர் அவள் வரும்போது பேச்சை மாற்றினார்கள். அதை அவள் பொறுத்துக்கொண்டாள்.

பழைய மட்டைகளைத் தூக்கிப்போட்டுப் புதிதாகச் செய்தாள். இப்போது பச்சை கிடையாது, பென்சில் மட்டும். சுவரில் குத்துவதும் கிடையாது. மட்டை பிள்ளையின் பையிலேயே இருக்கும். வெள்ளிக்கிழமை தீட்டும் நேரத்தில் அவள் யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். யார் எத்தனை என்று கேட்பதில்லை. வாரத்துக்கு நாலு பேரைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுல நிக்குற, எந்த எடத்துல தட்டுது?" என்று மட்டும் கேட்பாள். ஒன்றும் தட்டவில்லை என்று சொல்பவர்களோடுதான் கூட நேரம் இருப்பாள்.

மற்றப் பிள்ளைகள் இரண்டு மூன்று வாரத்தில் பழையபடி ஆனார்கள். லெட்சுமி ஆகவில்லை. அவளுடைய புதிய மட்டை ஒரு தவணை முழுக்க வெறுமையாகவே இருந்தது. நன்றாகத் தெரிந்த கணக்குகளுக்குக்கூட அவள் எதுவும் போடவில்லை. கணக்கைச் சரியாகச் செய்து முடித்துவிட்டு, கொப்பியோடு வந்து நிற்பாள்.

"டீச்சர், எனக்கு இது வருமா?"

அந்தக் கேள்வியைத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். 'ற்ற' வரும் இடத்தில் நிற்கிறேன் என்று அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிள்ளை அது.

ஜெயந்தினி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இன்னொரு தரம் செஞ்சு பாரு. பாத்துட்டு நீ எனக்கு சொல்லு" என்பாள். லெட்சுமி கொப்பியோடு போய் உட்காருவாள். அடுத்த நாள் மறுபடி வருவாள்.

"ஒரு புள்ளைக்கு தனக்கு என்ன தெரியும்னே தெரியாம ஆக்கிட்டேன் டீச்சர். காலையில வேலை குடுக்குற பெரட்டுக்கு நிக்கிறவங்க பேர் கூப்பிடுறதுக்கு பாத்துக்கிட்டு நிப்பாங்களே, அந்த மாதிரி என் வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறா" என்று ஒரு நாள் பஸ்ஸில் சொன்னாள். அன்றைக்குத்தான் நானும் சொன்னேன், நான் அந்தத் திங்கட்கிழமை பார்த்துவிட்டுப் பேசாமல் போனதைப் பற்றி எனக்கு இருக்கும் வெட்கத்தை. "தெரியும் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். மன்னித்ததாகவோ இல்லை என்றோ சொல்லவில்லை.

மூன்றாம் தவணையின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. மழைக்கு என் வகுப்பின் யன்னலைச் சாத்தப் போனபோது இடுக்கு வழியாகப் பார்த்தேன். லெட்சுமி சுரேசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்தில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். பிறகு பையிலிருந்து மட்டையை எடுத்தாள். ஆறாவதை விட்டுவிட்டு, அதற்கு முந்திய ஐந்து கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பென்சிலால் மெலிதாகத் தீட்டினாள். யாரிடமும் கேட்கவில்லை. ஜெயந்தினி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்ததால் இதைக் காணவில்லை. நான் பஸ்ஸில் சொன்னேன்.

"ஆறாவத போடல்லயா?"

"போடல்ல."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

லெட்சுமி இப்போது தரம் நான்கில் இருக்கிறாள். இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். ஜெயந்தினிக்குப் புதிய வகுப்பு, இருபத்தொரு பிள்ளைகள். மட்டைகள் நடக்கின்றன. சாலையோரத்து மலையில் கொழுந்து பறிக்கும் பூவம்மா எங்களைக் கண்டால், "போயிட்டு வாங்க டீச்சர்" என்று கை தூக்குவார். ஜெயந்தினி பதில் சொல்லுவாள். ஆனால் நின்று பேச இன்னும் அவளால் முடியவில்லை. குனிந்து, கொஞ்சம் வேகமாக நடப்பாள். நானும் அவளோடு வேகமாக நடப்பேன்.